இராஜினாமாக் கடிதத்தை இப்போதைக்கு லாச்சியிலேயே வையுங்கள்

திருகோணமலை நகரில் வீட்டு மின்சாதனங்கள் விற்கும் ஒரு கடையில் வேலை செய்யும் வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் கடையையும் அடையாளம் காட்டும் விபரங்களை விட்டுவிட்டுச் சுருக்கத்தைத் தருகிறேன்.

வயது 34. வீடு சாம்பல்தீவுப் பக்கம். மனைவி, இரண்டு பிள்ளைகள். கடையில் சேர்ந்து 4 வருடமும் 2 மாதமும். நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம் 48,000 ரூபாய். பதவி ‘மேற்பார்வையாளர்’. காலை 8.30க்குக் கடை திறந்து இரவு 7.30க்கு ஷட்டர் போடுவார்கள். திங்கள் முதல் சனி வரை இதே நேரம்தான், ஞாயிறு மட்டும் லீவு. கொழும்பிலிருந்து லொறி வரும் நாட்களில் பிரிட்ஜ், வொஷிங் மெஷின் எல்லாம் இறக்கி, எண்ணி, கொப்பியில் பதிந்துவிட்டுப் போக ஒன்பது மணி தாண்டும். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு ஓட்டோவுக்குச் சொந்தக் காசு கொடுத்த நாட்களும் உண்டு. இதுவரை ஓ.டி. என்று ஒரு சதமும் கிடைக்கவில்லை. சித்திரை வருடப்பிறப்புக்கும் தீபாவளிக்கும் ஆளுக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். கேட்டால், “அதுதான் ஓ.டி., அதோடு நீ ஸ்டாஃப், கூலியாள் இல்லை” என்கிறாராம் முதலாளி. வேலைக்குச் சேரும்போது ‘மேலதிக நேரத்துக்குக் கொடுப்பனவு கோரமாட்டேன்’ என்ற தாளிலும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

சென்ற மாதம் இரண்டாவது தடவை கேட்டபோது, “ஸ்டொக்கில் குறைவு வந்தால் யார் பொறுப்பு என்று தெரியும்தானே” என்று ஒரு வார்த்தை விழுந்திருக்கிறது. வாசகர் பயந்துபோய் இராஜினாமாக் கடிதம் எழுதி மேசை லாச்சியில் வைத்திருக்கிறார். விலகிவிட்டு தொழில் நியாய சபையில் வழக்குப் போடு என்கிறார் ஒரு நண்பர். ஐந்தரைக்குச் சொல்லாமல் எழும்பி வந்துவிடு என்கிறார் இன்னொருவர். வேலையை எடுத்துத் தந்தவர் மனைவியின் பெரியப்பா. அவருக்கும் முதலாளிக்கும் பல வருடப் பழக்கம், ஒரே கோயிலில் திருவிழா உபயம் செய்பவர்கள். இதற்கிடையில் வேறொரு கடையில் 55,000 தருவதாகக் கேட்டிருக்கிறார்கள். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

தம்பி, நீங்கள் கேட்பது உங்களுக்கு உரிய காசு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் உங்கள் நண்பர்கள் இருவருமே பிழையான வழியைக் காட்டுகிறார்கள். அந்த வரிசை மாறினால் கையில் இருப்பதும் போய்விடும்.

ஓ.டி. யாருக்கு உண்டு

மாதச் சம்பளக்காரருக்கு ஓ.டி. இல்லை என்ற பேச்சு நம் ஊர்க் கடைகளில் எவ்வளவு காலமாக ஓடுகிறது என்று தெரியாது. கேட்பவர்களும் நம்பிவிடுகிறார்கள். கடை, அலுவலக ஊழியர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையைக் கழித்து ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், ஒரு வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை வாங்கினால் சாதாரண மணித்தியாலச் சம்பளத்தின் ஒன்றரை மடங்கு கொடுக்கவேண்டும். மேலதிக நேரமும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. சம்பளம் நாட்கூலியா மாதச் சம்பளமா என்று சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை.

‘மேற்பார்வையாளர்’ என்ற பட்டம்தான் அடுத்த தடை. நிறைவேற்று, முகாமைத்துவப் பதவியில் உள்ளவர்களுக்கு இந்த நேர விதிகள் அப்படியே பொருந்தாது என்பது உண்மை. அதைப் பிடித்துக்கொண்டுதான் பல கடைகளில் மூன்று பேருக்கு ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறார்! ஆனால் விசாரணையில் பார்ப்பது நீங்கள் உண்மையில் செய்யும் வேலையை. கடைச் சாவி உங்களிடம் இருக்கிறது, யார் எந்தப் பகுதியில் நிற்பது என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். சரி. ஆனால் உங்கள் கடிதத்திலேயே இன்னொரு வரி இருக்கிறது: வாடிக்கையாளருக்கு 500 ரூபாய் குறைப்பதற்கும் முதலாளிக்கு போன் எடுக்கவேண்டும் என்று. ஒருவருக்கு அரைநாள் லீவு கொடுக்கவும் உங்களுக்கு அதிகாரம் இல்லை. ஆளை எடுக்கவோ நிறுத்தவோ முடியாது. லொறி வந்தால் மற்றவர்களோடு சேர்ந்து நீங்களும் கயிறு பிடித்து பிரிட்ஜ் இறக்குகிறீர்கள். இப்படிப்பட்டவரை முகாமையாளர் என்று காட்டுவது முதலாளிக்கு லேசான காரியம் இல்லை. இந்த விபரங்களை மறக்காமல் எழுதி வையுங்கள், பிறகு இவைதான் கைகொடுக்கும்.

கையெழுத்து வைத்த தாளைப் பற்றி நீங்கள் அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறீர்கள். சட்டம் குறைந்தபட்சமாகத் தந்த உரிமையை இரண்டு பேர் சேர்ந்து எழுதும் ஒரு தாளால் இல்லாமல் ஆக்க முடியாது. அந்தத் தாளின் பிரதி கிடைத்தால் எடுத்து வையுங்கள். ஓ.டி. வேலை இருக்கும் என்று முதலாளிக்கு முதல் நாளே தெரிந்திருந்தது என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

உங்கள் கணக்கு

‘ஏதோ கொஞ்சம் வரும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் இல்லை. கடைச் சட்டத்தின் கீழ் மணித்தியாலச் சம்பளம் பார்க்க மாதச் சம்பளத்தை 240ஆல் பிரிப்பது வழக்கம். 48,000ஐ 240ஆல் பிரித்தால் 200 ரூபாய். ஒன்றரை மடங்கு என்றால் மேலதிக மணித்தியாலத்துக்கு 300 ரூபாய்.

காலை 8.30 முதல் இரவு 7.30 வரை 11 மணித்தியாலம். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் 10. ஆறு நாளைக்கு 60. அதில் 45 போனால் மீதி 15 மணித்தியாலம் ஓ.டி. ஒரு வாரத்துக்கு 4,500 ரூபாய், நான்கு வாரத்துக்கு 18,000. இதில் லொறி வரும் இரவுகள் சேரவில்லை. சாப்பாட்டு நேரம் அரை மணித்தியாலமாகச் சுருங்கிய நாட்களும் சேரவில்லை. ஷட்டர் போட்டபின் காசு எண்ணிக் கணக்கு ஒப்படைக்கும் நேரமும் வேலை நேரம்தான். வருடத்துக்கு இரண்டு தடவை கிடைக்கும் 10,000 ரூபாயை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

“12க்கு மேல் ஓ.டி. செய்யக் கூடாது என்றுதானே சட்டம், பிறகு எப்படி 15 மணித்தியாலத்துக்குக் காசு கேட்பது?” என்று உங்கள் கடையின் கணக்காளர் மடக்கியதாக எழுதியிருக்கிறீர்கள். கெட்டிக்காரர். 12 என்ற எல்லை வேலை வாங்குபவருக்குப் போட்ட எல்லை. அதை மீறியவர் அந்த மீறலையே காட்டிக் காசை மறுக்க முடியாது. மேலே போன மூன்று மணித்தியாலமும் உங்களுக்குச் சேரவேண்டிய கணக்குத்தான்.

வார விடுமுறையிலும் ஒரு குறை இருக்கிறது. வாரத்தில் 28 மணித்தியாலமாவது வேலை செய்த கடை ஊழியருக்கு ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. உங்களுக்கு ஒரு நாள்தான் கிடைக்கிறது. போயா நாளில் கடை திறந்து உங்களைக் கூப்பிட்டால் அன்றைக்கு ஒன்றரை நாள் சம்பளம். தைப்பொங்கல் போன்ற சட்டப்படியான விடுமுறை நாளில் வேலை வாங்கினால் அந்த வருடம் முடியுமுன் பதில் லீவு, இல்லாவிட்டால் இரட்டைச் சம்பளம். போன தைப்பொங்கலுக்குப் பகல் வரை கடையில் நின்றதாக ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். அதையும் கணக்கில் சேருங்கள்.

நீங்கள் கவனிக்காத ஒரு வரி

கடிதத்தோடு அனுப்பிய சம்பளச் சிட்டையைப் பார்த்தேன். ஓ.டி.யை விட எனக்கு உறுத்தியது அதில் உள்ள ஊழியர் சேமலாப நிதி. உங்கள் சம்பளத்தில் பிடித்திருப்பது 2,400 ரூபாய். அது 30,000 ரூபாயின் 8 வீதம். நியமனக் கடிதத்தில் 48,000 என்று இருக்க, நிதிக்குக் காட்டியிருப்பது 30,000. ஓ.டி. காசுக்கு சேமலாப நிதி கட்டவேண்டியதில்லை என்பது சரி. ஆனால் மாதாமாதம் தரும் நிலையான சம்பளத்தை வெட்டிக் காட்ட முடியாது.

முதலாளி 12 வீதம், நீங்கள் 8 வீதம், மொத்தம் 20. விடுபட்ட 18,000 ரூபாய்க்கு மாதம் 3,600. இதற்கு மேல் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தன் கையிலிருந்து கட்டவேண்டிய 3 வீதம், அது 540. நான்கு வருடத்துக்கு மேல் என்றால் பெரிய தொகை. ஆரம்பத்தில் சம்பளம் குறைவாக இருந்திருக்கும் என்பதால் சரியான கணக்கை நான் இங்கே போடவில்லை. பிந்திக் கட்டும் தொகைக்கு 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணமும் முதலாளி தலையில்தான் விழும். ஓ.டி.யில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று வாதாடலாம். இதில் வாதத்துக்கு இடம் குறைவு. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் போதும். பேரம் பேசும் மேசையில் உங்கள் பக்கத்துப் பலமான சீட்டு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

ஏன் இப்போது விலகக் கூடாது

பணிக்கொடைச் சட்டம் 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம். 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவர் விலகினாலும், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. உங்கள் கடையில் களஞ்சியப் பையன்களையும் சாரதிகளையும் சேர்த்து 17 பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் 4 வருடமும் 2 மாதமும். இன்னும் 10 மாதம் இருந்தால் 24,000 வீதம் ஐந்து வருடத்துக்கு 120,000 ரூபாய். இன்றைக்கு லாச்சியைத் திறந்து அந்தக் கடிதத்தைக் கொடுத்தால் அதில் ஒரு ரூபாயும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நீங்களாக விலகினால், ‘வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்’ என்று கேட்கக்கூடிய பரிகாரங்களைப் பெரும்பாலும் நீங்களே மூடிவிடுகிறீர்கள். நண்பர் சொன்ன தொழில் நியாய சபை முக்கியமாக வேலைநீக்கம், பணிக்கொடை போன்றவற்றுக்கானது. வேலையில் இருந்துகொண்டே ஓ.டி. நிலுவை கேட்பவர் போகவேண்டிய இடம் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகம், நம் ஆட்கள் சொல்லும் லேபர் கந்தோர்.

ஐந்தரைக்கு எழும்பி வரும் யோசனையும் வேண்டாம். வாரம் 12 மணித்தியாலத்துக்கு மேல் மறுக்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் ஷட்டர் சாவியோடு நடந்தால் ‘கட்டளையை மீறினார்’ என்று எழுதப்படும். முதலாளிக்கு இப்போது தேவைப்படுவது அப்படி ஒரு காரணம்தான். ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன்.

கேட்டால் வேலை போகுமா

போகாது என்று எழுதித் தர என்னால் முடியாது. ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு அது லேசும் இல்லை. 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், முந்திய 12 மாதத்தில் 180 நாளாவது வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் நிறுத்துவதென்றால், 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, உங்கள் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். அனுமதி எடுக்க மெனக்கெடும் முதலாளிகளை நான் அதிகம் கண்டதில்லை. ஆகவே மிச்சம் இரண்டு வழி: ஒன்று, உங்களிடமே சம்மதம் எழுதி வாங்குவது. மற்றது, ஒழுக்காற்றுக் காரணம் தேடுவது.

முதலாவதுக்கு மருந்து, படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்து வைக்காமல் இருப்பது. ‘எனக்குச் சேரவேண்டியது எல்லாம் பெற்றுக்கொண்டேன்’, ‘எனது சுயவிருப்பின்படி விலகுகிறேன்’ என்ற வரிகள் எங்காவது இருந்தால், “வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன் ஐயா” என்று தாளை வாங்கிக்கொண்டு வாருங்கள். தரமாட்டோம் என்றால் கையெழுத்தும் இல்லை.

இரண்டாவதுக்கு ஸ்டொக் பேச்சு ஒரு முன்னறிவித்தல். இதை நான் விளையாட்டாக எடுக்கவில்லை. இன்றிலிருந்து லொறிச் சாமான் இறக்கும் ஒவ்வொரு தடவையும் இன்னொருவரையும் கூட வைத்து எண்ணுங்கள், இருவரும் கையொப்பம் இடுங்கள், அந்தப் பக்கத்தை போனில் படம் எடுங்கள். களஞ்சியச் சாவியை யாருக்குக் கொடுத்தாலும் நேரத்தோடு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முழு ஸ்டொக்கையும் ஒருமுறை எண்ணித் தரும்படி நீங்களே எழுத்தில் கேட்கலாம். கள்ளம் இல்லாதவன் தானாக எண்ணச் சொல்கிறான் என்பது பின்னால் யாருக்கும் விளங்கும். நேரத்துக்கு வேலைக்குப் போங்கள், லீவு எடுத்தால் எழுதிக் கொடுத்து எடுங்கள், வாய்த்தர்க்கம் வேண்டாம். இந்தச் சில மாதத்துக்கு நீங்கள் கடையிலேயே ஒழுங்கான ஆளாக இருக்கவேண்டும்.

அப்படியும் நிறுத்திவிட்டால் ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு செய்யவேண்டும். தொழில் ஆணையாளருக்குப் போனாலும் தொழில் நியாய சபைக்குப் போனாலும் அதே ஆறு மாதம். ‘கூப்பிடுவார்கள்’ என்று காத்திருந்து நாள் கடந்து வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும்.

இனிச் செய்யவேண்டியது

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒவ்வொரு இரவும் படுக்குமுன் ஒரு வரி: “செவ்வாய். 8.20 கடை திறந்தது. 1.40–2.05 சாப்பாடு. 7.35 ஷட்டர். லொறி. 9.10 வெளிக்கிட்டது. கூட இருந்தவர்கள் இன்னார்.” அலங்காரம் வேண்டாம், கோபமும் வேண்டாம். பல மாதத்துக்கு ஒரே பேனையால் ஒரே நாளில் எழுதிய கொப்பியை விசாரிப்பவர்கள் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே பழைய நாட்களுக்கு இப்போது கதை எழுதாதீர்கள். பழையவற்றுக்கு வேறு சாட்சி இருக்கிறது: கடை வாட்ஸ்அப் குழுவில் “இன்று லொறி வருது, ஒருத்தரும் போகவேண்டாம்” என்று முதலாளியே போட்ட செய்திகள். அவற்றை ஸ்கிறீன்சொட் எடுத்து, திகதி தெரியும்படி, மனைவியின் போனுக்கோ மின்னஞ்சலுக்கோ அனுப்பி வையுங்கள். குழுவிலிருந்து உங்களை நீக்கினால் பிறகு தேட முடியாது. இரவு ஓட்டோவுக்குக் கொடுத்த காசுக்கு ஏதாவது பதிவு இருந்தால் அதுவும் சரி.

விரல் அடையாள இயந்திரம் சென்ற வருடம் பொருத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. வேலை நேரப் பதிவேடு வைத்திருக்கவேண்டியது சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. தொழில் உத்தியோகத்தர் கேட்டால் காட்டவேண்டும். அதற்காக நீங்கள் அலுவலகக் கணினியைத் திறந்து அந்தப் பதிவை இறக்கவோ, கணக்குப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவோ வேண்டாம். உங்கள் நியமனக் கடிதம், உங்கள் சம்பளச் சிட்டை, உங்களுக்கு வந்த செய்தி, இவ்வளவும் போதும்.

பிறகு முதலாளிக்கு ஒரு கடிதம். வாயால் இரண்டு தடவை கேட்டது போதும், இனி எழுத்தில். நீளம் வேண்டாம்:

“ஐயா, நான் இன்ன திகதியிலிருந்து தங்கள் நிறுவனத்தில் பணியாற்றுகிறேன். வாரம் 45 மணித்தியாலத்துக்கு மேல் நான் செய்த வேலைக்கான மேலதிக நேரக் கொடுப்பனவு இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. நியமனக் கடிதத்தில் உள்ள சம்பளத்துக்கு ஏற்ப ஊழியர் சேமலாப நிதியும் செலுத்தப்படவில்லை. இவற்றைக் கணக்குப் பார்த்து 14 நாட்களுக்குள் தீர்த்துத் தருமாறு பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். எனது கடமைகளைத் தொடர்ந்து செய்து வருகிறேன்.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். வேலையை விட்டுப் போகும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்பதற்கு அதுதான் பதிவு. பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டையும் பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் இருந்துகொண்டு தபாலில் அனுப்புவதா என்று கூச்சமாக இருந்தால், கையில் கொடுத்துப் பிரதியில் பெற்றதாகக் கையெழுத்துக் கேளுங்கள். போடமாட்டார் என்றால் தபால்தான்.

14 நாளில் பதில் இல்லையென்றால் லேபர் கந்தோர். முறைப்பாடு செய்ய கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. சட்டத்தரணியான நானே இப்படி எழுதி என் வயிற்றிலேயே அடித்துக்கொள்கிறேன் என்று என் கந்தோரில் சிரிப்பார்கள். பரவாயில்லை. அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளச் சிட்டைகள், கொப்பி, முதலாளிக்கு அனுப்பிய கடிதத்தின் பிரதி, இவற்றோடு போங்கள். ஓ.டி., சேமலாப நிதி, விடுமுறைக் கொடுப்பனவு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள். இரண்டு தரப்பையும் ஒரு நாளில் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நிறையப் பிரச்சினைகள் அந்த மேசையிலேயே தீர்ந்துவிடுவதுண்டு, ஏனென்றால் பதிவேடுகளை உத்தியோகத்தர் முன் விரிப்பதை விடக் காசைக் கொடுப்பது பல முதலாளிகளுக்கு நிம்மதி. தீராவிட்டால் நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிடும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு மாதங்கள் எடுக்கும், தவணை போகும், இதை மறைத்து உங்களுக்கு ஆசை காட்ட நான் விரும்பவில்லை.

பெயர் சொல்லாமல் முறைப்பாடு செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடையைப் பொதுவாகச் சோதனை செய்யும்படி பெயர் வெளியே வராமல் தகவல் கொடுக்கலாம். ஆனால் உங்களுக்குச் சேரவேண்டிய தொகையை அறவிட்டுத் தரும்படி கேட்டால் உங்கள் பெயர் வந்தே தீரும். 17 பேரில் நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டால் ஒருவர் முதுகில் மட்டும் அடி விழாது. களஞ்சியத்தில் இருப்பவர்களும் உங்களைப் போலத்தானே லொறி இறக்குகிறார்கள்? கேட்டுப் பாருங்கள். ஒருவரும் வராவிட்டாலும் உங்கள் முறைப்பாடு தனியாக நிற்கும்.

அதிகம் தாமதிக்கவும் வேண்டாம். சம்பள நிலுவைக்குச் சிவில் வழக்கு என்று போனால் காலாவதிச் சட்டம் ஒரு வருடம் என்ற குறுகிய கெடுவைக் காட்டும் நிலை வரலாம். பணிக்கொடைக்காகப் பத்து மாதம் வேலையில் இருங்கள் என்றுதான் சொன்னேன், பத்து மாதம் வாயை மூடிக்கொண்டிருங்கள் என்று சொல்லவில்லை.

பெரியப்பாவுக்கு என்ன சொல்வது

கடிதத்தில் நீங்கள் அதிகம் எழுதியிருப்பது இதைப் பற்றித்தான். எனக்கு விளங்குகிறது. நம் ஊரில் முதலாளியை மார்க்கெட்டில் பார்க்கலாம், கோயிலில் பார்க்கலாம், கலியாண வீட்டில் பக்கத்துக் கதிரையில் பார்க்கலாம். லேபர் கந்தோருக்குப் போன செய்தி உங்களுக்கு முன்னமே வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும்.

ஆகவே முதலாளிக்குக் கடிதம் போகுமுன் பெரியப்பாவிடம் நீங்களும் மனைவியும் போய் நேரே சொல்லுங்கள். கணக்குப் போட்ட தாளைக் காட்டுங்கள். “எனக்கு வேலை எடுத்துத் தந்தீர்கள் பெரியப்பா, அந்த நன்றி இருக்கிறது, செய்த வேலைக்குரிய காசைத்தான் கேட்கிறேன்” என்றால் போதும். மாதம் 18,000 ரூபாய் என்று எழுதிப் பார்த்தால் அவருக்கே ஒரு யோசனை வரும். அவர் முதலாளியோடு கதைத்துப் பார்க்கிறேன் என்றால் மறுக்கவேண்டாம், இரண்டு வாரம் கொடுங்கள். வழக்கை விட நல்ல சமரசம் மேல் என்று சொல்லும் சட்டத்தரணி நான்.

ஒரே ஒரு நிபந்தனை. பேசித் தீர்ப்பது எதுவானாலும் எழுத்தில் வரவேண்டும். “வருடப்பிறப்புக்குப் பார்த்துச் செய்வார்” என்ற வார்த்தையோடு பெரியப்பா திரும்பி வந்தால் நன்றி சொல்லிவிட்டுக் கடிதத்தைத் தபாலில் சேருங்கள். நிலுவையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதா என்பது உங்கள் விருப்பம். உறவுக்காக விட்டுக்கொடுக்கிறவர்களை நான் குறை சொல்வதில்லை. ஆனால் இனிவரும் மாதங்களுக்கான ஓ.டி.யையும் முழுச் சம்பளத்துக்கான சேமலாப நிதியையும் விட்டுக்கொடுக்காதீர்கள். அது பிள்ளைகளின் காசு.

55,000 ரூபாய் வேலை

அந்தக் கடையிலும் இரவு 7.30க்குத்தான் ஷட்டரா என்று கேட்டீர்களா? 7,000 ரூபாய் கூடுதல் என்பது உங்களுக்கு 24 மணித்தியால ஓ.டி.க்குக்கூடப் போதாது. உங்கள் இன்றைய கணக்குப்படி அது இரண்டு வாரத்துக்கும் குறைந்த ஓ.டி. அங்கேயும் ஓ.டி. இல்லை, சேமலாப நிதி பாதிச் சம்பளத்துக்குத்தான் என்றால் நீங்கள் இடம் மாறியது மட்டும்தான் மிச்சம். வேலை நேரம், ஓ.டி. வீதம், நிதி எந்தத் தொகைக்குக் கட்டப்படும், இந்த மூன்றும் நியமனக் கடிதத்தில் இருக்குமா என்று முதலில் கேளுங்கள். இருக்கும் என்றால் நல்ல இடம்தான், 120,000 ரூபாய்ப் பணிக்கொடையை விட்டுவிட்டு இப்போதே போவதா, பத்து மாதம் பொறுப்பதா என்று மனைவியோடு இருந்து கணக்குப் பாருங்கள். அவர்கள் பொறுக்கமாட்டார்கள், நீங்களும் போகத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தால், ஓ.டி., சேமலாப நிதி பற்றிய முறைப்பாட்டைப் பதிந்து அதன் பிரதியைக் கையில் எடுத்த பிறகே இராஜினாமாவைக் கொடுங்கள். அந்தக் கடிதத்திலும் ‘நிலுவைகளைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் விலகுகிறேன்’ என்று ஒரு வரி இருக்கட்டும். இப்போது லாச்சியில் இருப்பதில் அந்த வரி இல்லை.